காரின் பின் கண்ணாடி உடைந்தால்: இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடலாமா, கைக்காசைப் போடலாமா?

முன் கண்ணாடியில் கல் பட்டால் சிலந்தி வலை மாதிரி ஒரு விரிசல் விழும்; அதோடு வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடலாம். பின் கண்ணாடிக்கு அந்தப் பொறுமை கிடையாது. ‘பட்’டென்று ஒரு சத்தம், மொத்தக் கண்ணாடியும் கல்கண்டாக உதிர்ந்து டிக்கியிலும் பின் சீட்டிலும் கிடக்கும். முன்னால் இருப்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. பெரும்பாலான கார்களில் பின்னால் இருப்பது டஃபன்டு கண்ணாடி. சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்தது. அதன் மேற்பரப்பு இறுகிப்போய் இருக்கும், உள்பக்கம் இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஓர் ஓரத்தில் அந்தச் சமநிலை கெட்டால் முழுதும் சிதறிவிடும். அதனால் முன் கண்ணாடிக்குச் செய்வதுபோல ரெசின் விட்டு அடைக்கும் வேலை இங்கே நடக்காது. புதுக் கண்ணாடிதான் போட வேண்டும்.

இனி பணக் கணக்கு. “கண்ணாடிக்கு டெப்ரிசியேஷனே இல்லை, முழுசா வந்துடும்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். டெப்ரிசியேஷன் என்பது பாகம் பழசானதற்காக அதன் விலையில் வெட்டுவது. அவர்கள் சொல்வது பாதி உண்மை. கண்ணாடியின் விலை வந்துவிடும். ஆனால் அடுத்த அஞ்சு வருஷம் பிரீமியத்தில் போகிற காசை எஸ்டிமேட்டில் யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

முதலில் பாலிசியைப் பாருங்கள்

பாலிசி முதல் பக்கத்தில் ‘ஓன் டேமேஜ்’ (உங்கள் வண்டியின் சேதத்துக்கானது) என்ற தலைப்பின் கீழ் ஒரு பிரீமியத் தொகை இருக்கிறதா? இருந்தால் மேலே படிக்கலாம். தேர்ட் பார்ட்டி மட்டும்தான் என்றால் உங்கள் கண்ணாடிக்கு ஒரு ரூபாய்கூட வராது. அது நீங்கள் அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான பாலிசி.

இதில் நிறையப் பேர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களுக்கு மூன்று வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். 2019 செப்டம்பர் 1 முதல் அதைத் தனியாகவும் வாங்கலாம். “மூணு வருஷ பேப்பர் இருக்கே” என்று இரண்டாம் வருஷம் ரினீவல் செய்யாமல் விட்டவருக்குக் கண்ணாடி உடைந்த அன்றுதான் விஷயம் தெரியவரும். அப்போது அவசரமாகப் புதுப்பித்தும் பயனில்லை. ஒரு நாள் விட்டுப்போனாலும் கம்பெனி வண்டியைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் பாலிசி தரும். உடைந்த கண்ணாடி ‘முன்பே இருந்த சேதம்’ என்று குறிக்கப்படும். கைக்காசில் கண்ணாடியைப் போட்டுவிட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டுவதே வழி.

பழைய கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்து, பாலிசி விற்றவர் பெயரிலேயே நின்றால் ஓன் டேமேஜ் கிளெய்ம் மாட்டிக்கொள்ளும். பெயர் மாற்றத்துக்கு 14 நாள் அவகாசம்.

என்னென்ன காரணத்துக்குப் பணம் வரும் என்று பார்த்தால் பட்டியல் தாராளமானது. பாலிசி வாசகத்தில் தீ, திருட்டு, கலவரம், வேலைநிறுத்தம், நிலநடுக்கம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வேண்டுமென்றே செய்த நாசவேலை, வெளியிலிருந்து நேர்ந்த விபத்து எல்லாம் வருகின்றன. நம் ஊர் நடைமுறையில் தென்னை மரத்தடியில் நிறுத்திய வண்டி மேல் தேங்காய் விழுந்தது, தெரு கிரிக்கெட் பந்து, புல்வெட்டும் மெஷின் தெறிக்க விட்ட கல், தீபாவளி ராக்கெட், புயலில் முறிந்த வேப்பங்கிளை, நீங்களே ரிவர்ஸில் தூணில் இடித்தது என எல்லாமே இதற்குள் அடங்கும். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு ஓட்டியிருந்தால் மட்டும் எந்தக் காரணமும் காப்பாற்றாது.

சிக்கலானது, தானாக உடைந்தது. டஃபன்டு கண்ணாடிக்கு அந்தக் குணம் உண்டு. தயாரிப்பின்போது உள்ளே தங்கிவிட்ட நிக்கல் சல்பைடு துகள், ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சில்லு, கொளுத்தும் வெயிலில் நின்ற வண்டி மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டியது எனப் பல காரணங்களில் யாரும் தொடாமலே சிதறும். பாலிசியோ ‘வெளிப்புறக் காரணம்’ கேட்கிறது. காலையில் வந்து பார்த்தபோது உடைந்து கிடந்தது, காரணம் தெரியவில்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள். கல் பட்டதாக ஒரு கதை கட்டினால், வண்டிக்குள் கல் எங்கே, எந்தப் பக்கம் அடி பட்டது என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே அது அவிழ்ந்துவிடும். பிறகு உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. வண்டி வாரன்டியில் இருந்தால், இன்ஷூரன்ஸுக்குப் போகுமுன் தயாரிப்புக் குறையாக எடுத்துக்கொள்வார்களா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பில்லில் எவ்வளவு வெட்டுவார்கள்

ஒரு மாதிரி பில். நாலு வருஷம் ஓடிய 1,197 சிசி ஹேட்ச்பேக். ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியத்துக்கு வாங்கும் சேர்க்கை) எதுவும் இல்லாத சாதாரண பாலிசி. எல்லாம் ஜிஎஸ்டி சேர்த்த தொகை.

பின் கண்ணாடி: 7,000 ரூபாய். டெப்ரிசியேஷன் இல்லை, 7,000 ஏற்பு.
ரப்பர் பீடிங்: 800. ரப்பர், நைலான், பிளாஸ்டிக்குக்குப் பாதி, 400 ஏற்பு.
சீலன்ட் (கண்ணாடியை ஒட்டும் பசை), பிரைமர் கிட்: 1,400. கன்ஸ்யூமபிள் (ஒரு தடவையில் தீர்ந்துபோகும் பொருள்) கணக்கில் தள்ளினால் 0.
கூலி: 1,500. முழுதும் ஏற்பு.

ஆக 10,700 ரூபாய் பில்லில் 8,900 ஏற்பு. இதிலிருந்து கட்டாயக் கழிவு போகும்: 1,500 சிசி வரையான கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. கம்பெனி தருவது 7,900. உங்கள் கையிலிருந்து 2,800. பிரீமியம் குறையட்டும் என்று ‘வாலன்டரி டிடக்டிபிள்’ (நீங்களாக ஏற்றுக்கொள்ளும் கழிவு) 5,000 போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து கழியும். வருவது வெறும் 2,900. சிலர் அந்தக் கட்டத்தை டிக் செய்ததையே மறந்திருப்பார்கள்.

சீலன்ட் விஷயத்தில் கம்பெனிக்குக் கம்பெனி கை வேறு. சிலர் முழுதும் தருவார்கள், சிலர் ரப்பரோடு சேர்த்துப் பாதி, சிலர் பூஜ்யம். சீலன்ட் இல்லாமல் கண்ணாடியைப் பொருத்தவே முடியாது, அது எண்ணெயோ கிரீஸோ அல்ல என்று சர்வேயரிடம் வாதாடிப் பார்ப்பதில் தப்பில்லை. கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் இருந்தால் வாதமே வேண்டாம்.

‘பம்பர் டு பம்பர்’ இருக்கிறதே என்பவருக்கு: கண்ணாடி மட்டும் உடைந்த கேஸில் டெப்ரிசியேஷன் வெட்டாத அந்த ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆனால் பெரிய லாபம் இல்லை, மேலே பார்த்த 400 ரூபாய்தான் மிச்சம். டிக்கி கதவும் பம்பரும் சேர்ந்து நசுங்கியபோதுதான் அது வேலை செய்யும். நாலு வருஷம் தாண்டிய வண்டியில் உலோகப் பாகத்துக்கு 35 சதவீதமும், பம்பருக்குப் பாதியும் சாதாரண பாலிசி வெட்டும். பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த சன் ஃபிலிமுக்குப் பணம் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த பொருள் அல்ல அது.

எஸ்டிமேட்டில் வராத கணக்கு: என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ்)

கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும்: 20, 25, 35, 45, 50 சதவீதம். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ரினீவலில் பூஜ்யம். கண்ணாடி கிளெய்ம் சின்னது என்பதற்காகக் கொஞ்சமாகக் குறைக்க மாட்டார்கள். 3,000 ரூபாய் வாங்கினாலும் 3 லட்சம் வாங்கினாலும் அதே பூஜ்யம்தான்.

இழப்பு ஒரு வருஷத்தோடு நிற்பதில்லை, மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். இப்போது 35 சதவீதத்தில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த வருஷம் 45, அதன் பிறகு 50, 50, 50, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசம் 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120. அதாவது தள்ளுபடிக்கு முந்தைய ஒரு வருஷ ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 120 சதவீதம் மெதுவாகக் கைவிட்டுப் போகிறது. மற்ற படிகளுக்கும் இதே மாதிரி போட்டுப் பார்த்தால்:

இப்போது 0 என்றால் இழப்பு 50 சதவீதம்
20 என்றால் 80
25 என்றால் 105
35 என்றால் 120
45 அல்லது 50 என்றால் 125

நம் மாதிரி ஹேட்ச்பேக்குக்குத் தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 9,000, என்.சி.பி. 35 என்று வையுங்கள். 10,800, அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி, 12,744 ரூபாய். இந்தத் தொகையைக் கொடுத்து 7,900 வாங்குவது வியாபாரமா? வருஷம் ஏற ஏற வண்டியின் ஐ.டி.வி. (பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பு) குறைந்து பிரீமியமும் இறங்கும், நடுவில் வேறு விபத்து வந்து எப்படியும் கிளெய்ம் போட நேரலாம். ஆகவே 12,744 என்பதை உச்ச வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கால் பங்கைக் கழித்தாலும் இந்த வண்டிக்குக் கைக்காசுதான் மேல்.

கணக்கு மாறுகிற இடங்களும் உண்டு. வாங்கி ஆறே மாதமான பெரிய எஸ்.யூ.வி.; என்.சி.பி. இன்னும் 0, ஓன் டேமேஜ் பிரீமியம் 22,000, கண்ணாடி பில்லில் ஏற்பு 26,000. இழப்பு 11,000, ஜிஎஸ்டி சேர்த்து 12,980. வரவு, 2,000 கழிவு போக, 24,000. யோசிக்காமல் கிளெய்ம் போடலாம். அதேபோல இந்தப் பாலிசி வருஷத்தில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் போட்டிருந்தால் என்.சி.பி. போனது போனதுதான், இரண்டாவதாகக் கண்ணாடிக்குப் போடுவதால் தள்ளுபடிப் படியில் புது நஷ்டம் இல்லை, கட்டாயக் கழிவு மட்டும் மறுபடி போகும். ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆனில் வருஷத்துக்கு இரண்டு கிளெய்ம் என்று வரம்பு வைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்.சி.பி. பாதுகாப்பு ஆட்-ஆன் வாங்கியிருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. சில கம்பெனிகள் கண்ணாடி மட்டுமான கிளெய்முக்கு என்.சி.பி.யைத் தொடுவதில்லை என்று ஆட்-ஆன் வாசகத்திலேயே எழுதியிருக்கும். ஆனால் ‘ரிப்பேர்’ என்று எழுதியிருக்கிறதா, ‘மாற்றுதல்’ என்று எழுதியிருக்கிறதா என்று மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். ரிப்பேருக்கு மட்டும் என்றால் பின் கண்ணாடிக்கு அது உதவாது. ரிப்பேர் செய்யவே முடியாத பொருள் அது.

வேறு வண்டி வந்து பின்னால் இடித்திருந்தால்? அவருடைய தேர்ட் பார்ட்டி பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு இடம் உண்டு: கார் என்றால் சாதாரணமாக ஏழரை லட்சம், பைக் என்றால் ஒரு லட்சம் வரை. வழி, எஃப்.ஐ.ஆர். போட்டு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவது. 10,000 ரூபாய்க் கண்ணாடிக்கு யாரும் போவதில்லை. இடித்தவர் அங்கேயே ஒத்துக்கொண்டால் ஒர்க்‌ஷாப்புக்கு நேரே பணம் போடச் சொல்லிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

உடைந்த முதல் ஒரு மணி நேரம்

துடைப்பத்தை எடுக்காதீர்கள். முதலில் போன். கிளெய்ம் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யாவிட்டாலும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நஷ்டமில்லை: நம்பர் பிளேட் தெரியும்படி பின்பக்கம் முழுதும், நாலு மூலைகளிலிருந்தும் வண்டி, உடைந்த விளிம்பு கிட்டத்தில், உள்ளே சீட்டில் சிதறிய துண்டுகள், காரணமான கல்லோ கிளையோ இருந்த இடத்திலேயே, ஓடோமீட்டர், சேஸிஸ் நம்பர். வண்டியைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஒரு வீடியோ. அபார்ட்மென்ட்டில் சிசிடிவி இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும்.

திருட்டு, திருட்டு முயற்சி, வேண்டுமென்றே உடைத்தது, கலவரம் என்றால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் முதலில் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீது தருவார்கள். சின்னச் சேதத்துக்கு அதுவே போதும் என்று ஏற்கும் கம்பெனி உண்டு, எஃப்.ஐ.ஆர். கேட்கும் கம்பெனியும் உண்டு. கிளெய்ம் பதியும்போதே கேட்டுவிடுங்கள். பின் சீட்டிலிருந்து லேப்டாப் போயிருந்தால் கார் பாலிசி அதற்குப் பொறுப்பில்லை. அந்த ஆட்-ஆன் தனி.

மழை வரும்போல் இருந்தால் தடித்த பாலிதீன் ஷீட்டை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். பார்சல் கட்டும் பழுப்பு டேப் வேண்டாம். வெயிலில் அதன் பசை பெயின்ட்டோடு இறுகிவிடும். டச்-அப் செய்த இடமாக இருந்தால் பெயின்ட்டையே உரித்துக்கொண்டு வரும். ஷீட்டின் மேல் ஓரத்தைக் கதவு இடுக்கில் மடித்து விட்டு மூடினால் காற்றில் படபடக்காது.

அப்படியே தூரப் பயணம் போகாதீர்கள். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும். சைலன்சர் புகை திறந்த பின்பக்கம் வழியாக உள்ளே இழுக்கப்படும். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் இல்லை. ஒர்க்‌ஷாப் வரை ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முன் ஜன்னல்களைக் கொஞ்சம் இறக்கி, ஏசியை வெளிக்காற்று மோடில் வைத்து, ஃபேனைக் கூட்டி ஓட்டுங்கள். பின் வைப்பர், டிஃபாகர் (கண்ணாடியைச் சூடாக்கி ஆவியைக் கலைக்கும் கோடுகள்) சுவிட்சைத் தொட வேண்டாம்.

கிளெய்ம் போடுவது என்று முடிவானால்

அன்றைக்கே தெரிவியுங்கள். பாலிசி நிபந்தனை ‘உடனடியாக’ என்கிறது; 24 முதல் 48 மணி நேரம் என்று சொல்லும் வழக்கம் அங்கிருந்து வந்தது. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வெளியூரில் இருந்துவிட்டு நாலு நாள் கழித்து வந்து பார்த்தீர்கள் என்றால் பயப்படாமல் அந்தக் காரணத்தையே எழுதுங்கள்.

கிளெய்ம் நம்பர் வந்தபின் வண்டியை எங்கே விடுவது? கம்பெனியோடு ஒப்பந்தமுள்ள ஒர்க்‌ஷாப் என்றால் கேஷ்லெஸ்; வெட்டிய தொகையை மட்டும் கட்டிவிட்டு எடுத்து வரலாம். ஆதரைஸ்டு சர்வீஸ் சென்டரில்தான் போட வேண்டும் என்பதில்லை. கண்ணாடி வேலை மட்டுமே செய்யும் கடைகளும் பல கம்பெனிகளின் பட்டியலில் இருக்கின்றன. அங்கே கை தேர்ந்திருக்கும், ஒரே நாளில் முடியும். அசாஹி இந்தியா, செயின்ட்-கோபைன் செக்யூரிட் போன்றவர்கள்தான் கார் கம்பெனிகளுக்கும் கண்ணாடி செய்து கொடுக்கிறவர்கள். வெளியே விற்கும் அவர்களுடைய கண்ணாடியில் கார் கம்பெனி லோகோ இல்லாமல் இருக்கலாம், விலையும் இறங்கும். கைக்காசு போடுபவர்களுக்கு இது முக்கியம்.

கொண்டுபோக வேண்டியவை: ஆர்.சி., சம்பவத்தின்போது ஓட்டியவரின் லைசென்ஸ் (நிறுத்தியிருந்தாலும் கேட்பார்கள்), பாலிசி, கையெழுத்திட்ட கிளெய்ம் ஃபாரம், பான் அல்லது ஆதார், தேவையானால் போலீஸ் ரசீது. பணத்தைப் பிறகு வாங்குகிற முறை என்றால் கேன்சல் செய்த செக், பில், பணம் கட்டிய ரசீது. சர்வேயர் பார்த்து ஒப்புதல் தருமுன் வேலையைத் தொடங்க விடாதீர்கள். உடைந்த மிச்சத்தையும் அதுவரை வைத்திருங்கள். இந்த ஒரு தப்பில்தான் நியாயமான கிளெய்ம்கள் விழுகின்றன. இழப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே என்றால் உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயமில்லை. கம்பெனி ஆளே பார்ப்பார், அல்லது ஆப் வழியாக வீடியோவிலேயே முடித்துவிடுவார்கள்.

எஸ்டிமேட்டில் கண்ணாடியின் பார்ட் நம்பரைச் சேஸிஸ் நம்பர் போட்டு எடுத்தார்களா என்று கேளுங்கள். ஒரே மாடலில் டிஃபாகர் கோடு உள்ளது, இல்லாதது, வைப்பர் ஓட்டை உள்ளது, இல்லாதது, ஆன்டெனா அச்சடித்தது என்று நாலைந்து விதம் இருக்கும். சாதா கண்ணாடிக்கு ஒப்புதல் வாங்கிவிட்டுப் பிறகு டிஃபாகர் உள்ளது வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து வரிசை. கண்ணாடி மாட்டும்போது உடைபடும் கிளிப்புகளையும் பீடிங்கையும் முதல் எஸ்டிமேட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அதே இடியில் டிக்கி கதவும் நசுங்கியிருந்தால் எல்லாம் ஒரே கிளெய்மில்தான். “போன தீபாவளிக்கு விழுந்த பம்பர் கீறலையும் சேர்த்துடலாம் சார்” என்று சொல்லும் அட்வைசரின் பேச்சைக் கேட்காதீர்கள். துரு ஏறிய கீறல் எப்போது விழுந்தது என்பது சர்வேயருக்குத் தெரியும். ஒரு பொய் மொத்தக் கோப்பையும் சந்தேகத்துக்குள் தள்ளும்.

2024 ஜூனில் வந்த ஆணையத்தின் தொகுப்புச் சுற்றறிக்கைப்படி, சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இழுத்தடித்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஈமெயில். பிறகு ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசா, அல்லது 155255 என்ற எண். கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ரினீவலில் கம்பெனி மாறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கண்ணாடிக்குக் கிளெய்ம் வாங்கிவிட்டு, புதுக் கம்பெனியின் ஃபாரத்தில் ‘கிளெய்ம் இல்லை’ என்று டிக் செய்து 45 சதவீதத் தள்ளுபடி வாங்கினால் அன்றைக்கு யாரும் பிடிக்காமல் போகலாம். பெரிய விபத்து நடந்து நாலு லட்சத்துக்குக் கிளெய்ம் போடும்போது பழைய கம்பெனியிடம் கேட்பார்கள். அங்கேதான் அந்தத் தள்ளுபடியில் மிச்சம் பிடித்தவர் மொத்தத்தையும் விடுகிறார்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பழைய மாருதி 800, ஆம்னி மாதிரி வண்டிகளில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்காரும். கயிறு போட்டு இழுத்து மாட்டிவிடுவார்கள். இன்றைய கார்களில் பாலியூரிதேன் சீலன்ட்டில் ஒட்டுகிறார்கள். ஹார்டுவேர் கடை சிலிக்கானைக் கொண்டு ஒட்டுகிற ஆளைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அது பிடிக்கவும் பிடிக்காது, அடுத்த தடவை சரியான சீலன்ட்டையும் ஒட்டவிடாது.

பழைய சீலன்ட்டை அடியோடு சுரண்டுவது சுத்தமான வேலை மாதிரித் தெரியும். உண்மையில் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்கு விட்டு வெட்ட வேண்டும். புது சீலன்ட் பழையதன் மேல் நன்றாகப் பிடிக்கும். அடி வரை சுரண்டினால் கத்தி பெயின்ட்டைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் பிரைமர் போடாமல் மூடினால் இரண்டு மழைக்காலத்தில் உள்ளுக்குள்ளேயே துரு கிளம்பி, கண்ணாடி ஓரத்தைத் தூக்கிவிடும். கண்ணாடியின் கறுப்பு ஓரத்திலும் பிரைமர் தடவ வேண்டும். அப்புறம் ‘வி’ வெட்டிய நாசில் வழியாக முக்கோண வடிவில் ஒரே இழுப்பாகச் சீலன்ட் வர வேண்டும். நடுவில் விட்டுத் தொடங்கிய இடத்தில்தான் பிறகு தண்ணீர் ஒழுகும். கண்ணாடியை வைத்து அழுத்தியபின் நாலைந்து இடத்தில் டேப்.

டெலிவரி எடுக்குமுன் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். கண்ணாடி மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரிப்பாளர் பெயரும் இருக்க வேண்டும். பின் கண்ணாடி குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை விட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. கறுத்த கண்ணாடியை ‘ஸ்டைலா இருக்கும்’ என்று தலையில் கட்டவிடாதீர்கள். டிஃபாகரைப் போட்டு, ஒரு நிமிஷம் கழித்துக் கண்ணாடியின் உள்பக்கம் வாயால் ஊதுங்கள். படிந்த ஆவி கோடு கோடாகக் கலைந்தால் வேலை செய்கிறது. ஒரு கோட்டில் மட்டும் கலையவில்லையென்றால் அந்தக் கோடு அறுந்திருக்கிறது. எதுவுமே கலையவில்லை என்றால் ஓரத்துத் தகட்டில் ஒயர் சேரவில்லை. வைப்பர், மேல் பிரேக் லைட், ரிவர்ஸ் கேமரா, ஆன்டெனா கண்ணாடியில் இருந்தால் எஃப்.எம்., எல்லாம் அங்கேயே போட்டுப் பாருங்கள். டிக்கி கதவைத் திறந்து மூடும்போது கலகலவென்று சத்தம் வந்தால் துண்டுகள் கதவுக்குள்ளேயே கிடக்கின்றன. டிரிம்மைக் கழற்றி உறிஞ்சச் சொல்லுங்கள். பின் சீட் பெல்ட் பக்கிள் உள்ளேயும் ஒரு துண்டு போதும், பெல்ட் லாக் ஆகாமல் போக. திருப்தியாக இருந்தால் மட்டும் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன் வவுச்சர்’ கையெழுத்து.

முதல் ஒரு நாள் ஒரு ஜன்னலை விரல் அளவு இறக்கியே வையுங்கள். எல்லாம் மூடிய வண்டியில் கதவை அறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று ஈரச் சீலன்ட்டைத் தள்ளும். டேப்பையும் அதுவரை விடுங்கள். பிரஷர் வாஷ் இரண்டு நாளைக்கு வேண்டாம். இந்தச் சீலன்ட் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும், சாதாரணத் தூறலால் கெடாது. இரண்டு நாள் கழித்து, ஒருவர் டிக்கிக்குள் டார்ச்சோடு உட்கார, வெளியே இருந்து ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு ஸ்டெப்னியைத் தூக்கி, அதன் அடியில் உள்ள குழியில் கை வைத்துப் பாருங்கள். ஒழுகும் தண்ணீர் கடைசியில் வந்து தேங்குகிற இடம் அதுதான்.